முதல் பாடம்: போனை வைத்துவிடுவது

அறுபது வயதோடு படிப்பு முடிந்தது என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்தது. கிராமத்தில் வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டரும் செல்போனும் கையாளக் கற்க வேண்டும் என்று மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த ‘பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்க’த்தின் விதி அது. 14 வயதிலிருந்து 60 வயது வரை சேரலாம். மொத்தம் 20 மணி நேரப் பாடம். ஆறு கோடிப் பேர் இலக்கு, 6.39 கோடிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டி, 2024 மார்ச் 31-ஆம் தேதியோடு திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். 61 வயதுக்காரர் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவர் வெள்ளகோவிலில் எங்கு திரும்பினாலும் தட்டுப்படுவார். காங்கேயத்தைத் தாண்டிக் கரூர் சாலையில் வரும் இந்த ஊர் எண்ணெய் மில், அரிசி ஆலை, விசைத்தறிக் குடோன், முருங்கைத் தோட்டம் என்று பிழைக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனவர்கள் இளவட்டங்கள். ஊரோடு நின்றவர்கள் பெரியவர்கள். எழுபதைத் தொட்ட பிறகும் தார் சுற்றிக்கொண்டும் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டும் இருப்பவர்களை இங்கே யாரும் ‘ரிட்டயர்டு’ என்று சொல்வதில்லை. உழைத்த காசைக் கையில் வாங்கி, எண்ணி, மடியில் முடிந்து பழகியவர்கள்.

அந்தக் காசுதான் இப்போது கைக்கு வருவதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காய்ப் பருப்பை ஏலம் விட்டால் தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பி.எம். கிசான் பணம் வருடத்துக்கு மூன்று தடவை இரண்டாயிரம் இரண்டாயிரமாகக் கணக்குக்கு வருகிறது. 2023-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை, அதே வருடம் செப்டம்பரில் தொடங்கிய ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, சிலிண்டர் புக் பண்ணுவது என்று எல்லாவற்றுக்கும் போன். ரேஷன் கடையிலோ விரல் ரேகை. தறியிலும் மண்ணிலும் தேய்ந்த விரலில் ரேகை விழாமல், “துடைச்சிட்டு மறுக்கா வெய்யுங்காத்தா” என்று திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்பது பழகிப்போன காட்சி.

2021-ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பில் தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இரண்டாவது இடம். ஏழு பேரில் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

கொங்கு நாட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கே வீடுகள் தெருவில் இல்லை, தோட்டத்தில் இருக்கின்றன. பக்கத்து வீடு என்றால் நாலு காடு தள்ளி. பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ. தோட்டத்துச் சாளையில் பெரியவரும் அந்தம்மாவும் ஒரு நாயும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஐந்தாறு மாதத்தில் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதியும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து வீடுகளில் கேமரா மாட்டச் சொல்லிப் போலீஸ் வலியுறுத்தியது. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்துபோய்ப் பார்க்காமல் படுத்த இடத்திலிருந்தே போனில் பார்க்கத் தெரிய வேண்டும், ஒரு தட்டில் மகனுக்கோ ஸ்டேஷனுக்கோ கூப்பிடத் தெரிய வேண்டும் என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. கேட்டுக்கு வெளியே நிற்கும் திருடனைக் காட்டும் அதே போன் வழியாகத்தான் இன்னொரு திருடன் கேட்டைத் திறக்காமலே உள்ளே வருகிறான்.

மவுஸில் தொடங்க வேண்டாம்

முதியோர் கம்ப்யூட்டர் வகுப்பு என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று கரும்பலகையில் படம் போட ஆரம்பிக்கிறார்கள். இந்த ஊர்ப் பெரியவருக்கு மவுஸ் ஒருநாளும் கையில் படப்போவதில்லை. அவருடைய கம்ப்யூட்டர் மகன் புதுசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போன பழைய டச் போன். கண்ணாடியில் ஒரு கீறல், உள்ளே இடமில்லை, பேரன் ஏற்றிவைத்த விளையாட்டுகள் நாலு.

அதில் முதல் சிக்கல் விரல். டச் திரைக்கு அழுத்தம் வேண்டியதில்லை. தோலில் இருக்கும் மெல்லிய மின்தன்மையைத்தான் அது உணர்கிறது. காய்த்து உலர்ந்த விரலை அது சரியாக உணராது. உணரவில்லை என்று பெரியவர் இன்னும் அழுத்துவார். அழுத்தியபடியே வைத்திருந்தால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். திரையில் இருந்த படம் இடம் மாறும், அல்லது காணாமல் போகும். “போன் கெட்டுப்போச்சு கண்ணு” என்று அவர் நீட்டுவார். மகன், “இங்க குடுங்ப்பா, உங்களுக்கு வராது” என்று பிடுங்கி மூன்று நொடியில் சரிசெய்து கொடுப்பான். அந்த மூன்று நொடியில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எனக்கு வராது.

வகுப்பில் முழுசாக இரண்டு மணி நேரத்தைத் தட்டுவது, தள்ளுவது, பிடித்துக்கொண்டிருப்பது என்ற மூன்றுக்கே கொடுத்தாலும் தகும். விரல் நுனியை லேசாக ஈரத் துணியில் ஒற்றிக்கொள்ளச் சொன்னாலே பாதிப் பேருக்குப் போன் ‘சரியாகிவிடும்’. ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை என்ற அமைப்புக்குள் போனால், எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தால் ‘பிடித்துக்கொண்டது’ என்று கணக்கு என்பதை நீட்டி வைக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். போனையே தமிழுக்கு மாற்றலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவும் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகும். இவை எல்லா போனிலும் சும்மா கிடக்கின்றன. போனை வாங்கிக்கொடுக்கும் பிள்ளைகள் கவர் போட்டு, கண்ணாடி ஒட்டிக் கொடுப்பார்கள். இந்த நாலையும் செய்துகொடுப்பவர் குறைவு.

இன்னொரு பாடம் வங்கியிலிருந்து வரும் மெசேஜ். ஆங்கிலத்தில் வருகிறது. தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும் மனிதருக்கு, பருப்பு விற்ற பணம் உள்ளே வந்ததா, வெளியே போனதா என்று தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைப் பையனிடமோ ஏ.டி.எம். வாசலில் நிற்பவரிடமோ போனை நீட்டுகிறார். நீட்டியதும் இருப்பு எவ்வளவு என்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த மொழியில் மெசேஜ் வேண்டும் என்று கேட்டுத் தமிழில் அனுப்புவது வங்கிகளுக்குப் பெரிய காரியமா என்ன? அதுவரை, வரவுக்கு ஒரு சொல், பற்றுக்கு ஒரு சொல் என்று இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்களைப் படம் மாதிரி மனதில் பதிய வைத்தால் போதும். 20 மணி நேரப் பாடத்தைவிட இதற்குப் பலன் அதிகம் என்பது என் கட்சி.

மரியாதை என்ற ஓட்டை

ஏமாறுகிறவர் படிக்காதவர், விவரமில்லாதவர் என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. நூல் தொழிலோடு பிழைக்கும் இந்தப் பகுதிக்கு, நூல் உலகத்திலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. லூதியானாவின் வர்த்தமான் குழுமம் நாட்டின் மிகப் பெரிய நூற்பாலை நிறுவனங்களில் ஒன்று. அதன் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 2010-ல் பத்ம பூஷண் பெற்றவர். 2024 ஆகஸ்ட் கடைசியில், 82 வயதில், அவருக்கு ஒரு போன் வந்தது. ஜெட் ஏர்வேஸ் நரேஷ் கோயல் மீதான சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் உங்கள் ஆதாரும் சிக்கியிருக்கிறது என்றார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது. அவர் தூங்கும்போதும் ஸ்கைப் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதிலேயே ‘உச்ச நீதிமன்றம்’ கூடியது. தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வழக்கை ‘விசாரித்தான்’. முத்திரை குத்திய உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்தது. ஏழு கோடி ரூபாய் போனது.

அதில் 5.25 கோடியைப் போலீஸ் மீட்டது. மீட்க முடிந்ததற்குக் காரணம் அவர் தாமதிக்காமல் புகார் கொடுத்ததும், பிறகு வெட்கப்படாமல் அதை வெளியே சொன்னதும். பல ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்த முதலாளிக்கே இந்தக் கதி என்றால், முத்தூர் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அப்பாருவிடம் “இதுகூடத் தெரியலையா” என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

மோசடிக்காரன் பயன்படுத்தும் ஓட்டை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. பெரும்பாலும் அது நம்முடைய மரியாதையில் இருக்கிறது. “ஏனுங், சொல்லுங்” என்று எந்த அழைப்பையும் எடுக்கும் தலைமுறை இது. எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போனை வைப்பது இவர்களுக்கு வீட்டுக்கு வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். அதிகாரி என்றால் எழுந்து நின்று பேசியவர்கள். வி.ஏ.ஓ. ஆபீஸில் பாதி வாழ்நாள் காத்திருந்தவர்கள். அப்படிப்பட்டவரிடம் ஒருவன் இந்தி கலந்த ஆங்கிலத்தில் அதட்டி, ‘சி.பி.ஐ.’ என்று சொன்னால், நம்புகிறாரோ இல்லையோ, போனை வைக்கமாட்டார். வைக்காதவரை அவன் பேசுவான்.

2024 அக்டோபர் 27 ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர், இப்படிப் போனிலேயே பிடித்துவைக்கும் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்றார். நில், யோசி, பிறகு செய் என்று மூன்று படியும் சொன்னார். ஓராண்டு கழித்து, அரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி மிரட்டப்பட்டு ஒரு கோடிக்கு மேல் இழந்ததை எழுத, உச்ச நீதிமன்றம் அதைத் தானாக வழக்காக எடுத்து, 2025 டிசம்பரில் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. யார் பெயரைச் சொல்லி மிரட்டினார்களோ அவர்களே வரவேண்டியதாயிற்று.

அதனால் வகுப்பில் முதலில் பழக்க வேண்டியது போனை வைத்துவிடுவதை. சொன்னால் போதாது, நடித்துப் பார்க்க வேண்டும். பேத்தி அடுத்த அறையிலிருந்து அதிகாரி மாதிரி அதட்ட வேண்டும். அப்புச்சி பாதியில் சிவப்பு வட்டத்தைத் தொட வேண்டும். முதல் தடவை “சரிங், வெச்சுர்றனுங்” என்று விடைபெற்றுக்கொண்டுதான் வைப்பார். பதில் பேசாமல் வைக்கும்வரை திரும்பத் திரும்ப. வீட்டில் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். வங்கிகளின் உண்மையான அழைப்புக்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருப்பதையும் சொல்லிவைக்கலாம். ஆனாலும் வைத்துவிட்டு, பாஸ்புக்கோடு நேரில் கிளைக்குப் போவதுதான் அப்புச்சிக்குத் தோதான வழி. ஹைதராபாத்தில் 2024-ல், டெபாசிட்டை அவசரமாக உடைக்க வந்த முதியவர்களை ஸ்டேட் பாங்க் ஊழியர்கள் விசாரித்துத் தடுத்ததும் அப்படி நேரில் வந்ததால்தான்.

பணம் வாங்கப் பின் நம்பர் எதற்கு?

ஜிபே, போன்பேக்கு ஒரே ஒரு விதி மனதில் நின்றால் போதும். பின் நம்பர் பணம் கொடுக்கத்தான், வாங்குவதற்குத் தேவையில்லை. “உங்களுக்கு ஐயாயிரம் வந்திருக்கு, பின் போட்டு வாங்கிக்குங்க” என்று சொல்லிப் பறித்த கூட்டத்துக்கு வசதியாக இருந்தது, ஒருவர் இன்னொருவரிடம் பணம் ‘கேட்டு’ அனுப்பும் வசதி. அதை 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையே நிறுத்திவிட்டார்கள். க்யூ.ஆர். அட்டையை அனுப்பி “ஸ்கேன் பண்ணினா பணம் வரும்” என்பது இன்னும் ஓடுகிறது.

அதைவிட நச்சு, வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை. கொங்கு நாட்டில் முகூர்த்த மாதம் வந்தால் தினம் நாலு பத்திரிகை வரும். படமாக வந்தால் தொல்லையில்லை. கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஒரு ஆப். தொட்டால் போனுக்குள் குடியேறி, மெசேஜ்களைப் படிக்க அனுமதி கேட்கும். சரி என்று தொட்டுவிட்டால், இனி வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கும் போகும். அப்புச்சி யாருக்கும் நம்பர் சொல்லாமலே கணக்கு காலியாகும். “நான் யாருக்குமே ஓ.டி.பி. சொல்லலீங்” என்று அழுகிறவர் உண்மையைத்தான் சொல்கிறார். பி.எம். கிசான் பெயரிலும், வண்டி அபராதம் என்ற பெயரிலும் இதே வேலை நடக்கிறது.

எத்தனை சொல்லிக்கொடுத்தாலும் ஒருநாள் தவறும், நமக்குமே தவறுகிறது. ஆகவே தவறினாலும் நஷ்டம் சின்னதாக இருக்க வழி செய்துவைப்பது புத்திசாலித்தனம். சந்தைக்குப் போகும் ஆத்தா மொத்தக் காசையும் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போவதில்லை; ஐந்நூறு சுருக்குப்பையில், மிச்சம் பெட்டியில். போனுக்கும் அதுவே. பருப்புப் பணமும் டெபாசிட்டும் இருக்கும் கணக்கை ஜிபேயில் இணைக்காமல், தனியாக ஒரு சின்னக் கணக்கைத் தொடங்கி அதை மட்டும் இணைத்து, இரண்டு மூன்றாயிரத்துக்கு மேல் அதில் வைக்காமல் இருந்தால், எவன் வந்தாலும் அவ்வளவுதான். 2024-ல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் மூலம் மகன் தன் கணக்கிலிருந்தே அப்பாவின் போனில் வரம்போடு செலவு செய்ய அனுமதிக்கவும் முடியும். ஆனால் அப்பாவின் காசை அப்பாவே ஆளட்டும் என்று நினைப்பவர்களுக்குச் சின்னக் கணக்குதான் மரியாதையான வழி.

பணம் போய்விட்டால் 1930. இந்த நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். 2021-ல் 155260 என்று தொடங்கி, பிறகு சுருக்கப்பட்ட தேசிய உதவி எண். அவசரம் எதற்கு என்றால், திருடிய பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விட்டவர்கள் பெயருக்கு மாறி மாறிப் போய், ஏ.டி.எம்.மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும். அதற்குள் புகார் வந்தால் வழியில் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே முடக்கலாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தானே பின் நம்பரைச் சொல்லிவிட்டிருந்தாலும்கூட, வங்கிக்குத் தகவல் கொடுத்ததற்குப் பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. ஆக, மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அப்புச்சியின் கணக்கில்.

மறைப்பது எதனால்? மகனுக்குப் பயந்து. அதிகாரிக்குப் பயந்து பணத்தைக் கொடுத்தவர், பிள்ளைக்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறார். “அப்பவே சொன்னேன், போனை நோண்டாதீங்கன்னு” என்ற ஒரு வாக்கியம் எத்தனை புகாரை இரண்டு நாள் தள்ளிப்போட்டிருக்கும் என்பதற்குக் கணக்கு எடுத்தவர் இல்லை. 2024-ல் இணைய மோசடியில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது; முந்தைய வருடத்தைப் போல மூன்று மடங்கு. சொல்லாமல் விழுங்கியது அந்தத் தொகையில் சேராது. முதியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் ஒருநாள் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தால் தேவலை. அவர்களுக்கான பாடம் சின்னது: திட்டுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் 1930.

கணவாய்க்கு அந்தப் பக்கம்

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கதை வேறு. திருவனந்தபுரம் மாவட்டம் புல்லம்பாறா பஞ்சாயத்து, டிஜிட்டல் அறிவு இல்லாதவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டுக் கிட்டத்தட்ட 4,000 பேரைப் பட்டியல் போட்டது. வகுப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்கும், வரமுடியாதவர் வீட்டுக்குமே போய்ச் சொல்லிக்கொடுத்தது. 2022 செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்து ஆனது. அதையே மாநிலம் முழுக்க விரித்ததுதான் ‘டிஜி கேரளம்’. சுமார் 22 லட்சம் பேரைக் கண்டுபிடித்து, இரண்டரை லட்சம் தன்னார்வலர்களைக் கொண்டு கற்பித்து, 2025 ஆகஸ்ட் 21-ல் மாநிலமே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். 60 வயது வரம்பை அவர்கள் எடுத்துப் போட்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். 90 வயதைக் கடந்தவர்கள் மட்டும் 15,000-க்கும் மேல் கற்றார்கள். எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 105 வயதுப் பெரியவர் ஒருவர் யூடியூப் பார்க்கக் கற்றதை அமைச்சரே நேரில் போய்ப் பார்த்தார். அறிவிப்புகளில் கொஞ்சம் அலங்காரம் இருக்கும்தான். அலங்காரத்தைக் கழித்தாலும் மிச்சம் நிறைய.

நமக்கு இது புதிதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பின்னால் நிற்க, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். பாடப் புத்தகத்துக்கு வெளியே, அவர்களுக்கு அன்றைக்கு எது தேவையோ அதை ஏற்பாட்டாளர்கள் பிடித்தார்கள். இன்று 2022-லிருந்து நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம், மேல் வரம்பு இல்லை. நிதி அறிவும் டிஜிட்டல் அறிவும் பாடத்திட்டத்திலேயே உண்டு. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஆனால் அது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான திட்டம். தினத்தந்தி வாசிக்கும் அப்புச்சிக்கு அங்கேயும் இடமில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கூப்பிட்டால் “இந்த வயசுல எனக்கென்ன படிப்பு” என்றுதான் சொல்வார். அவர் ஏற்கெனவே காத்திருக்கும் இடங்களுக்குப் போவது மேல். பாஸ்புக் என்ட்ரி போடும் வரிசை இருக்கிறது. ரேஷன் கடை இருக்கிறது. ஓய்வூதியருக்கான உயிர்வாழ் சான்று இருக்கிறது: 2021 நவம்பரிலிருந்து முகத்தைப் போனில் காட்டியே அதைக் கொடுக்கலாம், தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் கொடுக்கலாம். மில்லில் வேலை பார்த்துப் பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர் அதை நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை; எந்த மாதம் கொடுத்தாலும் ஒரு வருடம் செல்லும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருப்பு மூட்டையை இறக்கிவிட்டு விலை படியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரமும் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாலு பேரை ஏல நாளில் அங்கே அனுப்பச் சொல்லி, நகராட்சியும் விற்பனைக்கூடமும் சேர்ந்து ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கிழமை தெரியும், இடம் தெரியும், ஆள் அங்கேயே இருக்கிறார், போனும் சட்டைப் பையில் இருக்கிறது.